முதலில் அப்பாவை உட்கார வைத்துப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு 46 வயது, திருப்பூரில் பின்னலாடை யூனிட் வைத்திருக்கிறேன். இப்போது ஓட்டுகிற இன்னோவா 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வீட்டிலிருந்து கம்பெனிக்கு 7 கிலோமீட்டர், நானேதான் ஓட்டுவேன். மாதம் ஒருமுறை சென்னை போவோம். வருஷத்துக்கு இரண்டு தடவை துணி வாங்கும் பையர்களைப் பார்க்க வெளிநாடும் போவேன். அப்போது அப்பாவும் அம்மாவும் பின்சீட்டில் வருவார்கள். அப்பாவுக்கு 74 வயது, முட்டி வலி உண்டு. 80 லட்சத்துக்குள் மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்: புது பிஎம்டபிள்யூ 330எல்ஐ, புது பென்ஸ் சி 220டி, டெல்லி பதிவில் 4 வருஷம் ஓடிய பென்ஸ் இ 220டி. பெர்பார்மன்ஸ், டெக்னாலஜி, ஷோரூம் சர்வீஸ் எல்லாம் சேர்த்து எதை எடுக்கலாம்? "ஓட்டுறவனுக்கு பிஎம், உட்காருறவனுக்கு பென்ஸ்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கம்பெனி பேரில் வாங்கினால் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியுமா? மூன்று வண்டியையும் ஒப்பிட்டு எக்செல் ஷீட் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஜிஎஸ்டியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு ஒரே வார்த்தைதான் பதில்: முடியாது. ஓட்டுபவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு விடாது. வண்டி விற்பவர், ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் ஆகியோருக்குத்தான் விலக்கு, பனியன் கம்பெனிக்கு இல்லை. அந்த வண்டியின் சர்வீஸ் பில்லுக்கும் இன்சூரன்ஸுக்கும் இதே கதைதான். வருமான வரியில் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. பில்லில் 1 சதவீதம் டிசிஎஸ் என்று விற்பவரே வரி பிடிப்பார், அது உங்கள் வரிக் கணக்கில் ஈடாகிவிடும். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் ஸ்பேனர் பிடிக்கிற ஆள். ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 20 சதவீத செஸ்ஸும் போய் மொத்தமாக 40 சதவீதம் ஆகிவிட்டது. கெட்ட செய்தி, நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேலான காருக்கு லைஃப் டாக்ஸ் என்கிற ரோட்டு வரி 20 சதவீதம். ஷோரூமில் 60 லட்சம் என்று சொன்னால் ரோட்டு வரி மட்டும் 12 லட்சம், இன்சூரன்ஸ் தனி. 80 லட்சம் என்ற உங்கள் கணக்கு ஆன்-ரோடு கணக்குதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

உங்கள் எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். குதிரைத்திறன் இருக்கிறது, திரை எத்தனை அங்குலம் என்பது இருக்கிறது, ஸ்பீக்கர் எத்தனை என்பதுகூட இருக்கிறது. இரண்டு விஷயம் இல்லை. பின்சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஒன்று, அடுத்த ஏழெட்டு வருஷம் உங்கள் வண்டியின் பானட்டைத் திறக்கப் போகிறவர் யார் என்பது இன்னொன்று. கோவையில் 22 வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன், அதில் பாதிக்கு மேல் ஜெர்மன் வண்டிகள்தான். ஆசையாக வாங்கி இரண்டே வருஷத்தில் விற்றவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். பிக்கப் போதவில்லை என்று விற்றவர் ஒருத்தர்கூட இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு ஏறி இறங்க முடியவில்லை, இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டி வெறுத்துப் போய்விட்டது, இந்த இரண்டுதான்.

இன்னோவாவில் அப்பா எப்படி ஏறுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சீட் அவர் இடுப்புக்கு வரும், பின்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டுக் காலை உள்ளே எடுத்து வைப்பார். நீங்கள் பார்த்து வைத்த மூன்றுமே செடான், தாழ்வான வண்டி, அதில் குனிந்து, கீழே இறங்கி உட்கார வேண்டும். உட்காருவதையாவது சமாளித்துவிடலாம், எழுந்திருப்பதுதான் முட்டியைக் கேட்கும். ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிய செடானில் அவருடைய அம்மா மூன்றே தடவைதான் ஏறினார். நாலாவது தடவை, "நான் அந்தப் பழைய வண்டியிலயே வர்றேன் சாமி, நீ இதுல போ" என்று சொல்லிவிட்டார். இப்போது அவர்கள் வீட்டில் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பழைய வண்டிதான், புதியது போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது.

அதனால் டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேட்டியோடும் அவர் வழக்கமாகப் போடும் செருப்போடும். ஷோரூமுக்குள் மார்பிள் தரையில் கதவை முழுசாகத் திறந்து வைத்துக் காட்டுவார்கள், அது வேண்டாம், வெளியே ரோட்டோரமாக நிறுத்தச் சொல்லி ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை உங்களுக்காகச் சிரித்துக்கொண்டே இறங்குவார். மூன்றாவது தடவை அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். முன்சீட்டின் முதுகைப் பிடித்து இழுத்து எழுந்தால் பரவாயில்லை. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒரு மூச்சு எடுத்துவிட்டு எழுந்தால் இந்த மூன்று வண்டியையும் மறந்துவிட்டு எக்ஸ்3, ஜிஎல்சி மாதிரி உயரமான எஸ்யூவி பக்கம் போங்கள். புதிது என்றால் உங்கள் பட்ஜெட் இடிக்கும், இரண்டு மூன்று வருஷம் ஓடியதாகப் பார்க்கலாம்.

அப்பா தேறிவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

உள்ளே உட்கார்ந்த பிறகு கால் நீட்ட இடம் என்று பார்த்தால் இ-கிளாஸுக்குத்தான், அதாவது இ 220டி-க்குத்தான், முதலிடம். நம் நாட்டுக்கு வருவது நீட்டிய வண்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 3079 மில்லிமீட்டர். 330எல்ஐ-யும் நீட்டியதுதான், 2961. சி-கிளாஸ் 2865, உயரமானவர் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் அப்பாவுக்கு முட்டி இடிக்கும். ஒரே கம்பெனியின் பழைய பெரிய வண்டியும் புது சின்ன வண்டியும் ஒரே லிஸ்ட்டில் வந்தால் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது.

ஓட்டத்தைப் பொறுத்தவரை நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. 330எல்ஐ-யில் 2 லிட்டர் பெட்ரோல், 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), நூறைத் தொட 6.2 வினாடி என்கிறது கம்பெனி. சி 220டி-யில் 2 லிட்டர் டீசல், 200 குதிரைத்திறன் அளவில், டார்க் 440, நூறைத் தொட 7.3 வினாடி. ஒரு வினாடி வித்தியாசத்தை சங்ககிரி பக்கம் லாரி வரிசையில் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? அங்கே வேண்டியது 60-இல் இருந்து 100-க்குத் தயங்காமல் போகிற இழுவை, அது மூன்றிலும் தாராளமாக இருக்கிறது. வேறுபாடு தெரிவது வளைவில்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசியில் பிஎம்டபிள்யூவை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவே இடைவெளியே இருக்காது, எட்டு கியர் பெட்டி நீங்கள் நினைப்பதற்குள் மாற்றிவிடும். நானும் அந்தக் கட்சிதான், ஒளிக்க என்ன இருக்கிறது. இ-கிளாஸ் அப்படி இல்லை, அது குழி மேட்டை விழுங்கிக்கொண்டு மிதந்து போகும், பின்சீட்டில் அம்மா உளுந்தூர்பேட்டை தாண்டுகிற வரை தூங்கிக்கொண்டே வருவார். பிஎம்டபிள்யூவில் ரன்ஃப்ளாட் டயர் போட்டு வந்தால் சிறு குழிகூடக் கொஞ்சம் தட்டும். அந்த டயர் காற்று போன பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும், ராத்திரி நேரத்தில் பெண்களோடு போகும்போது அது பெரிய நிம்மதி, ஆனால் நாலு டயர் மாற்றும்போது பில் வேறு மாதிரி இருக்கும். எடுக்கிற வண்டியில் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டு, கண்ணாலும் பாருங்கள்.

ஒரு டெஸ்ட் டிரைவ் மட்டும் திருப்பூரிலேயே வேண்டும் என்று அடம்பிடியுங்கள். கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஓட்டிக்காட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் சிலாப் போட்டு ஒரு மேடு இருக்குமே, அந்த மேட்டில் நாலு பேர் உட்கார்ந்தபடி ஏற்றி இறக்குங்கள். நீட்டிய வண்டிக்கு நடு வயிறுதான் பலவீனம். அடியில் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும், அது தினமும் உரசி உரசிக் கிளிப் எல்லாம் பிய்ந்து, ஹைவேயில் காற்றில் அடித்துக்கொண்டு 'தடதட'வென்று சத்தம் போட எத்தனை வண்டி என்னிடம் வந்திருக்கிறது தெரியுமா. வேகத்தடையை நேராக ஏறாமல் சாய்வாக ஏறப் பழகினால் தப்பிக்கலாம், ஆனால் உங்கள் ரோட்டில் சாய்வாக ஏற இடம் விடுவார்களா?

டெக்னாலஜியைப் பற்றி நீளமாகப் பேச எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றிலும் போனை ஒட்டினால் மேப் வரும், பாட்டு வரும். ஒரே ஒரு பரிசோதனை சொல்கிறேன்: மதியம் ஒன்றரை மணி வெயிலில், ஓட்டிக்கொண்டே ஏசி காற்றைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் வளைந்த பெரிய திரை, ஏசி அந்தத் திரைக்குள் போய்விட்டது, திருகு குமிழ் மட்டும் கியர் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது. சி-கிளாஸில் நட்டுக்குத்தலாக 11.9 அங்குலத் திரை, அதன் அடியில் ஏசி. ஸ்டீயரிங்கில் உள்ள தொடு பட்டன்கள் சில நேரம் கட்டைவிரல் சும்மா பட்டாலே பாட்டை மாற்றிவிடும். நீங்கள் பார்த்த பழைய இ-கிளாஸில் ஏசிக்குத் தனியாக அழுத்துகிற பட்டன் வரிசை உண்டு. 74 வயது ஆள் பின்னால் இருந்து "கொஞ்சம் குறைப்பா" என்று சொல்லும்போது அந்தப் பட்டனின் அருமை தெரியும். அப்புறம், போன் ஆப்பில் வண்டியைப் பூட்டுவது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது மாதிரி வசதிகள் சில வருஷத்துக்குப் பிறகு காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டியவை. எது எத்தனை வருஷம் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள்.

சி 220டி-யை நான் மூன்றாவது இடத்தில் வைப்பதற்கு முட்டி இடிப்பது மட்டும் காரணம் இல்லை. உங்கள் ஓட்டமே டீசலுக்கு ஆகாது. பிஎஸ்6 என்கிற இப்போதைய புகை விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும், அதற்குப் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், ஒரே சீராக இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். உங்கள் 7 கிலோமீட்டரில் ஊர்ந்து ஊர்ந்து போய், சூடேறுகிற நேரத்தில் கம்பெனி வந்துவிடும். பாதியில் அணைத்தால் எரிக்கத் தெளித்த டீசல் மெல்ல ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கிறதே என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள், அதற்கு இதுதான் காரணம். மாதம் ஒரு சென்னைப் பயணம் காப்பாற்றும், சரி, எக்ஸ்போர்ட் சீசனில் இரண்டு மாதம் போகாமல் விட்டால்? இதோடு ஆட்புளூ என்கிற யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். அது தீரப்போகும்போது இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று டாஷ்போர்டில் எண்ணிக்கொண்டே வரும், பூஜ்யம் ஆன பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

இதே டீசல் விஷயம் இ 220டி-க்கும் பொருந்தும், அதோடு டெல்லி பதிவு. டெல்லியில் 10 வருஷத்துக்கு மேல் டீசல் வண்டி ஓட்டக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, 2025-இல் அதே நீதிமன்றம் பிஎஸ்4-உம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கு அதைத் தளர்த்தியது. ஆயுசு குறைந்த ஊர் என்ற பயத்தால்தான் அங்கே விலை இறங்கியது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே பதிவை மாற்றும்போது வண்டியின் வயசுக்கு ஏற்ற லைஃப் டாக்ஸை நீங்கள் மறுபடி கட்டியாக வேண்டும். அதைக் கூட்டிய பிறகும் மலிவாகத் தெரிந்தால் மட்டும் பேசுங்கள். வண்டியைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து அடிப் பக்கத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள், 2023 ஜூலையில் யமுனை பெருகி டெல்லியின் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறியது. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி விரலை வைத்துத் தடவுங்கள். மீட்டரைத் திருத்தியிருந்தாலும் வண்டிக்குள் வேறு சில கம்ப்யூட்டர் பெட்டிகளில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ஸ்கேனர் போட்டால் முரண்பாடு தெரிந்துவிடும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாறு முழுவதையும் கேளுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால் அங்கேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இப்போது சர்வீஸ். பெர்பார்மன்ஸ், டெக்னாலஜிக்குப் பிறகு நீங்கள் இதைக் கடைசியாகக் கேட்டீர்கள், நான் முதலில் வைத்திருப்பேன். ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். எந்தப் பிராண்ட், எந்த ஊர் என்பது வேண்டாம். சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்ற வேண்டும் என்று லட்சக்கணக்கில் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். அவர் மனசு கேட்காமல் என்னிடம் கொண்டுவந்தார். தூக்கிப் பார்த்தால் ஸ்டெபிலைசர் லிங்க் என்கிற சின்னக் கம்பி ஒன்றின் பந்து மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே யாரும் திருடர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன பையன், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் வந்ததையும் வாடிக்கையாளர் சொன்னதையும் கூட்டி எழுதிவிட்டான். பெரிய பிராண்டுகளில் எனக்குத் தெரிந்து பெரும் குறை இதுதான், கருவி எல்லாம் முதல் தரம், அதைப் பிடிக்கிற கை வருஷத்துக்கு ஒன்று மாறுகிறது.

அதனால் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவையில் இரண்டு சர்வீஸ் சென்டருக்கும் போங்கள், ஷோரூமுக்கு இல்லை. காபி வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இது எத்தனாவது தடவை வருகிறீர்கள், சொன்ன நேரத்துக்கு வண்டி கொடுத்தார்களா, போன தடவை இருந்த அட்வைசர்தான் இப்போதும் இருக்கிறாரா என்று கேளுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். பிறகு அட்வைசரிடம், முன் கண்ணாடி உடைந்தால் எத்தனை நாளில் வரும், ஹெட்லைட் எத்தனை நாள் என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூவை நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் இருந்து பாகங்களைப் பூட்டி வண்டியாக்குகிறார்கள், அதனால் பார்ட்ஸ் மறுநாளே வரும் என்று சேல்ஸ் தம்பி சொல்வார். வண்டி பூட்டுவதற்கு வரும் பாகமும் ஒர்க்‌ஷாப் கவுன்டருக்கு வரும் பாகமும் வேறு வேறு வழி, அதை நம்பாதீர்கள். திருப்பூரில் இருந்து வண்டியை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களா, ஐம்பது கிலோமீட்டர் வழியில் அவர்கள் டிரைவர் இடித்தால் யார் பொறுப்பு, இதையும் எழுத்தில் கேளுங்கள். அனுப்பும்போதெல்லாம் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசுவதில் ஒரு வித்தியாசம் உண்டு. பென்ஸ் 2021 அக்டோபரில் இருந்து புது வண்டியை நேரடியாகக் கம்பெனியே விற்கிறது, பில் கம்பெனி பேரில் வரும், நாடு முழுக்க ஒரே விலை, டீலரிடம் வண்டி விலையில் பேரம் பேசிப் பயனில்லை. பிஎம்டபிள்யூவில் டீலர் தன் ஸ்டாக்கை விற்கிறார், வருஷக் கடைசியில் நன்றாகவே பேசலாம், ஆனால் தயாரித்த மாதத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். குறைகிற காசை சீட் கவர், நம்பர் பிளேட் என்று வீணாக்காமல் நீட்டித்த வாரன்டியிலும் சர்வீஸ் பேக்கேஜிலும் போடுங்கள். பேக்கேஜில் ஆயிலும் ஃபில்டரும்தானா, பிரேக் பேடும் டிஸ்க்கும் சேர்த்தியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாரன்டி இருக்கிற வரை என்னைப் போன்ற வெளி ஒர்க்‌ஷாப்புக்கு வராதீர்கள், இதைச் சொல்வது எனக்குத்தான் நஷ்டம். இன்சூரன்ஸில், மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப்ரிசியேஷனோடு என்ஜின் புரொடெக்‌ஷனும் சேருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்ததாலேயே என்ஜினை இழந்தவர்களுக்கு அது இல்லாதபோது கிளைம் சிக்கலாகிவிட்டது.

ஆக, அப்பா ஐந்து தடவை ஏறி இறங்கி, கம்பெனி கேட்டில் வயிறு தட்டாமல், சனிக்கிழமை காபியும் கசக்காமல் இருந்தால் 330எல்ஐ எடுங்கள். நீங்களே ஓட்டுகிறீர்கள், தினசரி ஓட்டம் குறைவு, பெட்ரோல்தான் பொருந்தும், பின்சீட்டும் போதும். பிஎம்டபிள்யூ ஒர்க்‌ஷாப் சரியில்லை, பென்ஸ் ஒர்க்‌ஷாப் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் சி-கிளாஸிலேயே பெட்ரோலைப் பாருங்கள், வால்பாறையில் கொஞ்சம் ஏங்குவீர்கள், பின்சீட்டில் அப்பாவும் கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான். டெல்லி வண்டி வேண்டாம். அதே இ-கிளாஸ், பெட்ரோல், கோவைப் பதிவில் முழு சர்வீஸ் வரலாற்றோடு கிடைத்தால் எனக்குப் போன் போடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

இன்னொன்று, வருஷத்துக்கு இரண்டு தடவை பையர்களைப் பார்க்க வெளிநாடு போவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வண்டிகள் பூட்டி நிற்கும்போதும் உள்ளே ஏதாவது ஒன்று முழித்துக்கொண்டே இருக்கும், மூன்று நாலு வாரம் தொடாமல் விட்டால் திரும்பி வரும்போது கதவுகூடத் திறக்காமல் போகலாம். புது பேட்டரி போடுவதும் பழைய அம்பாசிடர் மாதிரி இல்லை, மாற்றிய பிறகு ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். விடாமல் லேசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போர்ட்டிகோவில் வண்டியின் மூக்கு வருகிற பக்கம் ஒரு பிளக் பாயிண்ட்டும் போட்டுவிடச் சொல்லுங்கள்.